பட்டறை வாசலில் மட்டும் ஸ்டார்ட் ஆகும் கார்

"அண்ணாச்சி, நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து சாவியைத் திருப்புதேன், ஒண்ணுமே இல்ல. வாட்ச்மேனைக் கூட்டியாந்து தள்ளுவோம்னு பாத்தா, அடுத்த திருப்புல எடுத்துட்டு."

"இப்பம் நல்லாத்தான எடுக்கு? மறுபடி நின்னா கொண்டாங்க, பாப்போம்."

கங்கைகொண்டான் பக்கத்துப் பட்டறைகளில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுப்போவது போல, மெக்கானிக்கைக் கண்டதும் கார் சமத்தாகி விடுகிறது. சொந்தக்காரர் பொய் சொல்லவில்லை, மெக்கானிக்கும் சோம்பேறி இல்லை. கண்முன் வராத கோளாறை எங்கே போய்த் தேடுவது என்பதுதான் சிக்கல்.

திருநெல்வேலியிலிருந்து மதுரை செல்லும் நான்குவழிச் சாலையில் தாழையூத்தைத் தாண்டினால் கங்கைகொண்டான் வந்துவிடும். சிற்றாறு, கைலாசநாதர் கோயில், புள்ளிமான்கள் என்று இருந்த ஊருக்கு சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு டயர் கம்பெனியும் சோலார் கம்பெனியும் ஷிஃப்ட் நேரமும் பழகிவிட்டன. சம்பளத்தை மிச்சம்பிடித்து எட்டு, பத்து வருடம் ஓடிய காரை வாங்கியவர்கள் இங்கே நிறைய உண்டு. பிரசவ வலிக்கும், நெஞ்சு வலிக்கும், விடிகாலை ரயிலுக்கும் ஒரு வீட்டுக்கு அந்த ஒரே காரைத்தான் நம்ப முடியும். ஒரு நாள் எடுத்து ஒரு நாள் எடுக்காத காரை அப்படி நம்ப முடியாது. ஒரேயடியாகக் கெட்டுப்போன வண்டிகூடத் தேவலை, அதற்குப் பதிலாக ஆட்டோவாவது சொல்லி வைத்திருப்போம்.

இந்தக் கோளாறில் பணம் எப்படிக் கரைகிறது என்பதைப் பல பட்டறைகளில் பார்த்திருக்கிறேன். முதல் பழி பேட்டரி மேல் விழும். நாலாயிரம், ஐயாயிரம் கொடுத்துப் புதுசு போடுவார்கள். ஒரு வாரம் நன்றாக எடுக்கும், எல்லோருக்கும் நிம்மதி. பிறகு ஒரு நாள் பழைய கதை. அடுத்தது செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக் காயில் கட்டுவது, அதற்கடுத்தது சாவி சுவிட்ச். ஒவ்வொரு முறையும் ஒரு வாரம், பத்து நாள் நிம்மதி. அந்த நிம்மதிதான் ஏமாற்றுகிறது. விட்டு விட்டு வரும் கோளாறு எதையும் மாற்றாவிட்டாலும் ஒரு வாரம் வராமல் இருக்கும். அதனால் மாற்றிய பிறகு ஒரு வாரம் ஓடியதை வைத்து, மாற்றிய பொருள்தான் குற்றவாளி என்று முடிவுகட்ட முடியாது.

முதலில் காது

சாவியைத் திருப்பும்போது என்ஜின் சுற்றுகிறதா, சுற்றவே இல்லையா? இதற்கு விடை தெரியாமல் பானட்டைத் திறப்பதில் பயன் இல்லை. "ஸ்டார்ட் ஆகலை" என்று மட்டும் சொன்னால் மெக்கானிக்குக்குப் பாதி வழி அடைபட்டுப் போகும்.

என்ஜின் 'கர்ர் கர்ர்' என்று வழக்கமான வேகத்தில் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் தங்கள் வேலையைச் செய்துவிட்டன. பெட்ரோலோ தீப்பொறியோ வரவில்லை, அல்லது காரின் கம்ப்யூட்டர் அனுமதிக்கவில்லை. அப்படிப்பட்ட வண்டிக்குப் புது பேட்டரி போடுவது வீண் செலவு. 'டக்' என்று ஒரே ஒரு அடி கேட்டு அதோடு நின்றால் செல்ஃப்புக்குக் கரண்டைத் திறந்துவிடும் சொலினாய்டு வேலை செய்திருக்கிறது, மோட்டார் சுற்றவில்லை. 'டக டக டக' என்று படபடத்தால் கரண்ட் போதவில்லை. எந்தச் சத்தமும் இல்லை என்றால் சாவியிலிருந்து செல்ஃப் வரை போகும் மெல்லிய வயரில் பெரும்பாலும் எங்கோ தடை இருக்கும். அது சுவிட்சாக இருக்கலாம், ரிலேயாக இருக்கலாம், கிளட்ச் பெடலோடு சேர்ந்த சின்ன சுவிட்சாகக்கூட இருக்கலாம். கிளட்சை முழுதாக மிதித்தால்தான் எடுக்கும் கார்களில், காலடியில் மடங்கிக் கிடக்கும் மேட் ஒன்றே பெடலைத் தடுத்து வண்டியை நிறுத்திவிடும்.

செல்ஃப் மோட்டார் வந்த கதையில் நம் திருநெல்வேலி மாவட்டத்துக்கும் பங்கு உண்டு. கையால் ஹேண்டில் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில், 1912ஆம் ஆண்டு காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங்கின் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார் தன் மோட்டார் தொழிலைத் தொடங்கியிருந்தார். அவருடைய நிறுவனம் பிரிட்டனின் லூகாஸோடு சேர்ந்து 1961இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ், சென்னை பாடியிலிருந்து இன்றுவரை ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் செய்து தருகிறது. உங்கள் காரின் செல்ஃப் மோட்டாரிலும் அந்தப் பெயர் இருக்க வாய்ப்பு உண்டு.

ஒரு எர்த் கேபிள் செய்த வேலை

தாழையூத்துப் பக்கம் ஒரு பட்டறையில் பார்த்ததைச் சொல்கிறேன். பெட்ரோலில் ஓடும் சின்னக் கார். பேட்டரி புதுசு, செல்ஃப் மோட்டாருக்குக் கார்பன் பிரஷ் மாற்றியாகிவிட்டது. அப்படியும் வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ 'டக்' என்ற சத்தத்தோடு நின்றுவிடும். "லைட் பளிச்சுன்னு எரியுது, ஹாரன் அடிக்குது, அப்பம் கரண்ட் இருக்குல்லா?" என்றார் வண்டிக்காரர்.

மெக்கானிக் எந்த போல்ட்டையும் கழற்றவில்லை. மல்டிமீட்டரை எடுத்து, கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயத் தலைமேல் அழுத்தினார். சிவப்பு முனையை என்ஜினின் பெயின்ட் இல்லாத உலோகத்தில் வைத்தார். "இப்பம் சாவியைத் திருப்புங்க" என்றார். அன்று கார் ஒழுங்காகவே சுற்றியது. ஆனால் சுற்றிய அந்த இரண்டு நொடியில் மீட்டர் 2 வோல்ட்டைத் தாண்டிக் காட்டியது. அந்த இடத்தில் அரை வோல்ட்டுக்குமேல் வரக் கூடாது, கால் வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. கண்ணுக்கு நோய் தெரியாத நாளிலேயே நோய் பிடிபட்டுவிட்டது.

கணக்கு எளிதுதான். சின்ன பெட்ரோல் என்ஜினைச் சுற்றச் செல்ஃப் மோட்டார் நூறிலிருந்து இருநூறு ஆம்பியர் வரை இழுக்கும். 150 ஆம்பியர் போகும் பாதையில் வெறும் 0.016 ஓம் தடை இருந்தாலே 2.4 வோல்ட் அங்கேயே சூடாகி வீணாகும். அவ்வளவு சின்னத் தடையைச் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவில் பார்க்கவே முடியாது. கரண்ட் ஓடும்போது வோல்ட்டேஜை அளந்தால் மட்டுமே தெரியும். இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து இழுப்பது பத்து ஆம்பியருக்கும் குறைவு, அதுவும் பெரும்பாலும் வேறு எர்த் வழியே போகும். அதனால்தான் லைட் பளிச்சென்று எரிகிற வண்டியிலும் செல்ஃப் எடுக்காமல் போகும். லைட்டையும் ஹாரனையும் வைத்து பேட்டரிக்கும் வயருக்கும் நற்சான்று கொடுப்பதை நாம் கைவிட வேண்டும்.

பிறகு பாதையைத் துண்டு துண்டாக அளந்தார். ஈயத் தலைக்கும் கிளாம்புக்கும் நடுவே ஒன்றும் இல்லை. கிளாம்புக்கும் பாடிக்கும் நடுவே ஒன்றும் இல்லை. பாடிக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவேதான் அத்தனை வோல்ட்டும் விழுந்தது. அங்கே இருந்த எர்த் கேபிள் வெளியிலிருந்து பார்க்க முறையாக இருந்தது. கேபிள் நுனியில் இருந்த லக்கைக் கழற்றி ரப்பர் உறையை வகுந்தபோது, உள்ளே செம்புக் கம்பிகள் பச்சைப் பொடியாக உதிர்ந்தன. லக்கின் அடியில் துரு. கம்பிகள் தற்செயலாக ஒன்றை ஒன்று நன்றாகத் தொட்டிருந்த நாளில் கார் எடுத்தது. குழியில் இறங்கி ஏறி அவை கொஞ்சம் விலகிய நாளில் எடுக்கவில்லை. புதுக் கேபிள் போட்டு, பாடியில் பெயின்ட்டைச் சுரண்டி, போல்ட்டை இறுக்கி மறுபடி அளந்ததும் மீட்டர் கால் வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆன செலவு, புது பேட்டரி விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

பேட்டரியைச் சந்தேகப்படவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் ஊர் வெயில் பேட்டரியைச் சீக்கிரம் தின்றுவிடும். மூன்று, நான்கு வருடம் ஆனதென்றால் சோதிக்கத்தான் வேண்டும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. ஆனால் சும்மா இருக்கும்போது 12.6 காட்டும் பேட்டரி, செல்ஃப் இழுக்கும்போது 7, 8 வோல்ட்டுக்கு விழுந்தால் உள்ளே செல் போய்விட்டது. சுற்றும்போது ஒன்பதரைக்குக் கீழே இறங்கக் கூடாது. என்ஜின் ஓடும்போது 13.8க்கும் 14.5க்கும் இடையில் இருந்தால் சார்ஜ் ஏறுகிறது என்று பொருள். இத்தனைக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும்.

டீக்கு நிறுத்தினால் எடுக்காத வண்டி

சித்திரை வெயிலில் வரும் புகார் வேறு மாதிரி. மதுரையிலிருந்து ஒரே மூச்சில் ஓட்டி, சாலைப்புதூர் டோல்கேட்டைத் தாண்டி, கங்கைகொண்டானில் டீக்கு நிறுத்துவார்கள். கால் மணி நேரம் கழித்துத் திருப்பினால் சுற்றும், பிடிக்காது. ஒரு மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது மாதிரி எடுக்கும். காலையில் ஒருநாளும் தகராறு செய்யாது.

இது சூட்டில் வரும் கோளாறு. வண்டி ஓடும்வரை எதிர்க்காற்றும் ரேடியேட்டர் தண்ணீரும் என்ஜினை ஆற்றிக்கொண்டே இருக்கும். அணைத்ததும் இரண்டும் நின்றுவிடுவதால், அணைத்த பிறகு வரும் கால் மணி நேரத்தில் பானட்டுக்குள் சூடு முன்பைவிட ஏறும். முன்பு அம்பாசடர், பத்மினி கார்களில் இந்தச் சூட்டில் பெட்ரோல் பம்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும். டிரைவர்கள் ஈரத்துணியைப் பம்பின் மேல் சுற்றிவைப்பார்கள், ஆறியதும் எடுக்கும். படிக்காத வைத்தியம் என்று அதை யாரும் சொல்லக் கூடாது. நோயின் முதலைச் சரியாகக் கண்டு செய்த வைத்தியம் அது.

இன்றைய கார்களில் பெட்ரோல் பம்ப் டேங்குக்குள் போய்விட்டது. இப்போது அந்த இடத்தில் முதல் சந்தேகம் கிராங்க் சென்சார் மேல் விழ வேண்டும். பிஸ்டன் எந்த நிலையில் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அந்தச் சின்னப் பொருள்தான். அதன் உள்ளே மயிரிழைக் கம்பி சூட்டில் விட்டுப்போய், ஆறியதும் மறுபடி தொட்டுக்கொள்ளும். அது தகவல் சொல்லாவிட்டால் பல கார்களில் பெட்ரோலும் வராது, தீப்பொறியும் வராது. வண்டி நிற்கும் அந்த நேரத்தில் சாவியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். என்ஜின் சுற்றியும் முள் கொஞ்சம்கூட அசையவில்லை என்றால் மெக்கானிக்கிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். முள் அசைகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் சாவியை ஆன் வரை மட்டும் திருப்பி, பின் சீட் பக்கம் காது வையுங்கள். பல கார்களில் இரண்டு நொடிக்கு 'ம்ம்ம்' என்று பம்ப் ஓடும் சத்தம் கேட்கும். அது கேட்காவிட்டால் பம்போ அதன் ரிலேயோ. அதே அளவு, அதே நம்பர் உள்ள இன்னொரு ரிலேயை மாற்றிச் செருகிப் பார்க்கப் பைசா செலவில்லை.

டீசல் வண்டியில் கதை வேறு. ராத்திரி நின்று காலையில் மட்டும் நீண்ட நேரம் சுற்றினால் டீசல் பைப்பில் காற்று எடுக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நெடுஞ்சாலையில் இப்படி நின்றால் ஒன்றை மறக்காதீர்கள். வண்டியில் இருப்பவர்களை இறக்கித் தடுப்புக்கு வெளியே நிற்க வையுங்கள், 1033க்குப் போன் செய்யுங்கள். பத்து நொடிக்குமேல் செல்ஃப்பை இழுக்காதீர்கள், இழுத்தால் மோட்டாரும் சேர்ந்து கருகும்.

சாவிக்கொத்தும் ஒரு மரணமும்

விட்டு விட்டு வரும் கோளாறை அரைகுறையாகப் பார்த்துத் திருப்பி அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்று போதும். 2010ஆம் ஆண்டு ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு இளம்பெண்ணின் செவ்ரோலெட் கோபால்ட் கார் ஓடும்போதே அணைந்தது. சர்வீஸுக்கு விட்டார். எரிபொருள் செலுத்தும் பகுதியைச் சுத்தம் செய்து திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்து வந்த விபத்தில் அவர் இறந்துபோனார். சாவி ஆன் நிலையிலிருந்து நழுவியிருந்தது. பெற்றோர் தொடுத்த வழக்குக்காக ஒரு பொறியாளர், அந்தக் காரின் சாவி சுவிட்சையும் கடையில் வாங்கிய புது சுவிட்சையும் பிரித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டுக்கும் பார்ட் நம்பர் ஒன்றே. ஆனால் உள்ளே சாவியைப் பிடித்து நிறுத்தும் சின்னப் பாகம் புதியதில் சற்று நீளமாக இருந்தது. வலுவில்லாத பழைய சுவிட்சை கம்பெனி நம்பரை மாற்றாமலே திருத்தியிருந்தது. 2014இல் செவ்ரோலெட்டைத் தயாரிக்கும் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. அந்த சுவிட்சால் நேர்ந்தவை என்று 124 மரணங்களை இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்டது.

வீட்டுச் சாவி, பீரோ சாவி, முருகன் டாலர் எல்லாம் ஒரே வளையத்தில் கோத்து கார் சாவியோடு தொங்கவிடும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. அந்தக் கனம் சுவிட்சைத் தேய்க்கும். சாவியைக் கொஞ்சம் ஆட்டினால் எடுக்கிறது, ஆட்டாவிட்டால் எடுக்கவில்லை என்றால் சந்தேகம் சுவிட்ச் மேல்தான்.

வெள்ளமும் எலியும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பகுதியில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டு நெல்லை ஜங்ஷனுக்குள்ளும் கொக்கிரகுளத்துக்குள்ளும் வந்தது. தண்ணீரில் நின்ற கார்களைக் காயவைத்து, சீட் துணி மாற்றி ஓட்டிவிடலாம். ஆனால் வயரின் நுனி வழியே ஏறிய ஈரம் ரப்பர் உறைக்குள் இருந்து செம்பை அரித்துக்கொண்டே இருக்கும். அந்த அரிப்பு ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்துக்கூட ஸ்டார்ட்டிங் தகராறாக வெளியே வரும். செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் கால்மிதிக்கு அடியில் தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். வண்டல் கோடு தெரிந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த வண்டி வேண்டாம் என்பதே என் கருத்து.

எலியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலத்தில் வயலை ஒட்டி நிறுத்தும் வண்டிக்குள் அது வரும். முழுதாகக் கடித்துத் துண்டித்தால் கண்டுபிடிக்கலாம். பாதி கடித்த வயர்தான் ஆளைக் கொல்லும்.

இன்னொன்று, நின்றபடியே கரண்ட் குடிக்கும் வண்டி. நல்ல கார் பூட்டி அரை மணி நேரம் ஆன பிறகு 50 மில்லி ஆம்பியருக்குமேல் இழுக்காது. பூட்டிய பிறகும் அணையாத டேஷ் கேமரா, தப்பான இணைப்பில் வைத்த மியூசிக் ஆம்ப் என்று சேர்ந்து 0.3 ஆம்பியர் இழுத்தால், மூன்று நாளில் 21 ஆம்பியர் மணிக்குமேல் காலி. சின்னக் கார் பேட்டரியின் கொள்ளளவில் அது பாதிக்கும்மேல். வெள்ளிக்கிழமை ஜங்ஷனில் வண்டியை விட்டுவிட்டு நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னை போனவர், திங்கள்கிழமை வந்து பேட்டரியைத் திட்டுவது இதனால்தான். தினமும் ஓட்டினால் அந்த வண்டி எடுத்துக்கொண்டே இருக்கும்.

இத்தனையிலும் சொந்தக்காரர் செய்ய வேண்டிய பங்கு பெரியது. வண்டி நின்ற தேதி, நேரம், அதற்குமுன் எவ்வளவு ஓடியது, எவ்வளவு நேரம் நின்றது, வெயிலா மழையா, சாவியைத் திருப்பியபோது என்ன சத்தம், டேஷ்போர்டில் எந்த விளக்கு எரிந்தது, இதையெல்லாம் ஒரு தாளில் குறித்துவையுங்கள். முக்கியமாக சாவிப் படம் போட்ட விளக்கு கண்சிமிட்டினால் எழுதுங்கள், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணவில்லை என்று பொருள். போனில் சத்தத்தோடு வீடியோ எடுங்கள். நாலு முறை நின்ற குறிப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கார் இஷ்டத்துக்கு நிற்கவில்லை, சூட்டிலோ ஈரத்திலோ குலுக்கலிலோ மட்டும்தான் நிற்கிறது என்று பிடிபடும். அந்தத் தாள் காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரைவிட உதவும். ஸ்கேனர் சென்சார் பிழையைச் சொல்லும். துருப்பிடித்த எர்த் கேபிளையோ தேய்ந்த கார்பன் பிரஷ்ஷையோ அது பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. கம்ப்யூட்டரில் ஒன்றும் வரவில்லை, வண்டி நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக, எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுவது கூலி. பொருளை மாற்றினால் பில் போடலாம், நாமும் கொடுக்கிறோம். மீட்டரைப் பிடித்து இரண்டு மணி நேரம் தேடி, ஒரு போல்ட்டை இறுக்கிக் கொடுத்த மெக்கானிக்கிடம் "போல்ட்டு முறுக்குனதுக்கா எழுநூறு ரூவா?" என்று கேட்கிறோம். அப்படிக் கேட்டுக் கேட்டே, தேடுவதைவிட மாற்றுவது லாபம் என்ற நிலைக்குப் பட்டறைகளைத் தள்ளியது வாடிக்கையாளர்களாகிய நாம்தான். அளந்து பார்க்கத் தெரிந்தவர் நெல்லையிலும் தாழையூத்திலும் கங்கைகொண்டானிலும் இருக்கிறார். அடுத்த முறை வண்டி தகராறு செய்தால் அவரிடம், "எதையும் மாத்த வேண்டாம் அண்ணாச்சி, மொதல்ல என்னன்னு கண்டுபிடிங்க, அதுக்குத் தனியா தாரேன்" என்று சொல்லி வண்டியை இரண்டு நாள் விட்டுவிட்டு வாருங்கள். கண்டுபிடித்துவிட்டால், மாற்றிய பொருள் ஐம்பது ரூபாய் என்றாலும் பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.